டிஎஸ்சி 4471 என்ற பெயரில் தூங்கும் நாரை

வலைத்தளம் செய்துகொள்ள என்னிடம் வரும் புகைப்படக்காரர்களிடம் முதல் நாள் ஒன்றுதான் கேட்பேன். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு படத்தைத் திறங்கண்ணே, அதைப் பத்திச் சொல்லுங்க." மதுரைக்காரர் ஒருவர் அப்படித் திறந்த படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நத்தைகுத்தி நாரை ஒன்று அலகில் பச்சைக் குச்சியோடு கூட்டுக்கு இறங்குகிறது. மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் மட்டும் சேர்ந்து, நடுவில் பிளந்து நிற்கின்றன. அந்தச் சின்ன இடைவெளிக்குள் பின்னால் இருக்கும் கண்மாய்த் தண்ணீர் தெரிகிறது.

அண்ணன் கால் மணி நேரம் பேசினார். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொல்லுகுடிப்பட்டிக் கண்மாய்க் கரை. 1977இல் சரணாலயம் ஆன இடம். பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. "அந்த அலகு இருக்கு பாருங்க தம்பி, நத்தையை ஓட்டுக்குள்ள இருந்து எடுக்கத்தான் அப்படி" என்று விரலால் செய்து காட்டினார். அப்புறம் அவருடைய பழைய தளத்தில் அதே படத்தைத் தேடி எடுத்தேன். கோப்பின் பெயர், கேமரா தானாக வைத்த டிஎஸ்சி 4471. கீழே ஒரே வரி: "இயற்கையின் அழகு". அவர் என்னிடம் சொன்ன அத்தனையில் ஒரு சொல்கூட அந்தப் பக்கத்தில் இல்லை.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். படம் தானே பேசும் என்று நம்பி எல்லோரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பார்க்கும் மனிதனிடம் படம் பேசும், சரி. ஆனால் அந்த மனிதன் படத்துக்கு வந்து சேர வேண்டுமே! கூகுளின் படத் தேடல் 2001இல் வந்தது. அன்றிலிருந்து அது படத்தைச் சுற்றியிருக்கும் எழுத்தைப் படித்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது: பக்கத்தின் தலைப்பு, படத்தை ஒட்டிய பத்தி, படக்குறிப்பு, கோப்பின் பெயர், ஆல்ட் டெக்ஸ்ட். இப்போது படத்தைப் பார்த்தே அது நாரை என்று கண்டுபிடிக்கும் திறமையும் அதற்கு வந்துவிட்டது. ஆனால் அது எந்தக் கண்மாய், அந்த ஊர் ஏன் வெடி வெடிப்பதில்லை என்பதெல்லாம் எடுத்தவர் எழுதினால்தான் உண்டு.

ஆல்ட் டெக்ஸ்ட் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக, படத்துக்குப் பதிலாக வைக்கும் வாக்கியம் அது. பார்வையற்ற ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தால், திரை வாசிப்பான் அதைத்தான் அவருக்குப் படித்துக் காட்டும். தேடுபொறியும் அதையே படிக்கிறது. "மதுரை போட்டோகிராபர், சிறந்த போட்டோகிராபர், வைல்ட்லைப் போட்டோ" என்று அதில் கொட்டிவைப்பதை நிறையத் தளங்களில் பார்க்கிறேன். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ அதை நம் காதில் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். நாங்கள் அந்த நாரைக்கு எழுதியது இது: "வேட்டங்குடி சரணாலயத்தில் குச்சியை அலகில் கவ்வியபடி கூட்டில் இறங்கும் நத்தைகுத்தி நாரை." போனில் ஒரு நண்பரிடம் படத்தை விவரித்தால் இப்படித்தானே சொல்வோம்? அந்த அளவு போதும்.

கோப்பின் பெயரையும் மாற்றினோம். ஊர், பறவை இரண்டையும் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு வைத்தோம். தமிழ் எழுத்திலும் வைக்கலாம். ஆனால் முகவரியை எங்காவது ஒட்டும்போது அது சதவீதக் குறிகளாகச் சிதறி நீளும் என்பதால் நான் தவிர்க்கிறேன். நம் ஆட்கள் தேடுவதே மூன்று விதமாக. சிலர் தமிழில் அடிப்பார்கள், சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், சிலர் ஓப்பன்பில் ஸ்டார்க் என்று ஆங்கிலப் பெயரையே போடுவார்கள். அதனால் பத்திக்குள் ஆங்கிலப் பெயரையும் இயல்பாக ஒரு தடவை சேர்த்துவிடுவது நல்லது.

கல்யாண ஸ்டுடியோக்காரர்களின் சிக்கல் வேறு. அறுபது படங்களை ஒரே பக்கத்தில் அடுக்கி, மேலே "தருணங்கள்" என்று எழுதியிருப்பார்கள். தருணங்கள் என்று யார் தேடப்போகிறார்கள்? காரைக்குடியில் செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம் எடுக்க ஆள் தேடுபவர், அந்தச் சொற்களைத்தான் அடிப்பார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனிப் பக்கம் கொடுத்து, பத்து நல்ல படம் வைத்து, ஊரையும் சடங்கையும் நாலு பத்தியில் எழுதுங்கள். முகப்பில் ஓடும் பெரிய படங்களைப் பல தளங்கள் வடிவமைப்பின் பின்னணியாகச் செருகிவிடுகின்றன. அப்படி வைத்த படங்களைக் கூகுள் பட்டியலிடுவதில்லை. நம்முடைய மிகச் சிறந்த படமே அங்கே மாட்டிக்கொண்டிருக்கும்.

கல்யாணப் படங்களில் இன்னொன்று. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு அவரே முதல் உரிமையாளர். வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் இது மாறும். ஆக, படத்தைத் தளத்தில் போடலாம் என்ற ஒரு வரியை ஆர்டர் எடுக்கும்போதே எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். நன்றாகத் தேடலில் ஏறிய ஒரு படத்தைப் பெண் வீட்டார் போன் செய்து எடுக்கச் சொல்லும் நாளில், அந்த வரி இல்லாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

நாம் எடுத்த படத்தில் நம் பெயர் நிற்க வேண்டும் என்றால் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டும். படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் எடுத்தவர் பெயர், பதிப்புரிமை, உரிமம் கேட்க வேண்டிய பக்கத்தின் முகவரி ஆகியவற்றை ஒரு முறை நிரப்பிச் சேமித்துக்கொண்டால், இறக்குமதி செய்யும்போதே எல்லாப் படத்திலும் ஏறிவிடும். 2018இலிருந்து கூகுள் இந்தப் பெயரைப் படத்தோடு காட்டுகிறது. உரிமப் பக்கத்தின் முகவரி இருந்தால், உரிமம் பெறலாம் என்ற சின்ன அடையாளமும் 2020இலிருந்து வருகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரம் உதிர்ந்துவிடும். தளம் செய்பவருக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். தளத்தில் படத்தைச் சுருக்கச் சேர்க்கும் சில செருகுநிரல்களும் (பிளக்இன்) இதைத் துடைத்துவிடும். அதனால் ஏற்றிய பிறகு ஒரு படத்தை இறக்கித் திறந்து பாருங்கள்.

இருப்பிடத்தை மட்டும் யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேட்டங்குடி எல்லோருக்கும் தெரிந்த சரணாலயம், பெயரைப் போடலாம். ஆனால் அரிய ஆந்தையின் கூட்டையோ, குஞ்சு பொரித்த பொந்தையோ எடுத்திருந்தால், லைட்ரூமிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது இருப்பிடத் தகவலை நீக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். பக்கத்திலும் மாவட்டத்தோடு நிறுத்துங்கள். சில படங்கள் கண்டுபிடிக்கப்படுவதைவிட அந்தப் பறவை கண்டுபிடிக்கப்படாமல் இருப்பது முக்கியம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது என்றால், இதையெல்லாம் செய்வதற்கு முன் அதன் அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியைத் திறந்து பார்க்கவும். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு பெட்டி அங்கே இருக்கிறது. தளம் கட்டும்போது டிக் போட்டவர்கள் எடுக்க மறந்துவிடுவார்கள். ஒரு ஸ்டுடியோவின் தளம் பதினோரு மாதம் அப்படியே கிடந்தது. அவர் அதுவரை தன் படங்களைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

நாரைப் படத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் கழித்து அண்ணனும் நானும், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தோம். அதில் தேடல் வகையைப் படம் என்று மாற்றினால், எந்தச் சொல்லை அடித்து வந்தவர்களுக்கு நம் படம் தெரிந்தது என்று பார்க்கலாம். வேட்டங்குடி இருந்தது, நத்தைகுத்தி நாரை இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: "மூக்கில் ஓட்டை உள்ள கொக்கு". யாரோ வயலோரம் அந்தப் பறவையைப் பார்த்திருக்கிறார், பெயர் தெரியவில்லை, கண்ணில் பட்டதை அப்படியே அடித்திருக்கிறார். அண்ணன் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, படக்குறிப்புக்குக் கீழே தானே தட்ட ஆரம்பித்தார்: "எங்கள் பக்கம் இதைக் கொக்கு என்றுதான் சொல்வோம்..."