முற்றத்து ரயிலுக்கு எந்தத் தண்டவாளம்?

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: ஜெர்மனியிலிருக்கும் தம்பி பிள்ளைகளுக்கு ரயில் செட் ஒன்று அனுப்பினார். முற்றத்தில் ரோஜாச் செடிகளைச் சுற்றிப் பாதை போட்டோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பித்தளைத் தண்டவாளம் கறுத்துவிட்டது, ரயிலும் விட்டுவிட்டு நிற்கிறது. அம்மா கண்ணூறு என்கிறார். கழற்றிவிட்டு எவர்சில்வர் தண்டவாளம் வாங்கலாமா?

மேசைமேல் ஓடும் பொம்மை ரயிலுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. இது வெளியில் ஓடவென்றே செய்த பெரிய வகை. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் எல்ஜிபி என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மில்லிமீற்றர். மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் வந்து, சக்கரம் வழியே மோட்டாருக்குள் போய், மற்றத் தண்டவாளத்தில் திரும்புகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பதுளைக்குப் போகும் நிஜ ரயில் டீசலில் ஓடுவதால், அதன் தண்டவாளம் பாரம் தாங்கினால் போதும். துருவைப் பற்றி எஞ்சினுக்குக் கவலையில்லை. முற்றத்து ரயிலுக்கோ தண்டவாளம்தான் மின்கம்பியும்.

பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. ஈரக்காற்றில் அதன்மேல் ஒட்சைட்டுப் படலம் வளரும். வளர்ந்துகொண்டே இருக்கும், அதுதான் பிரச்சினை. அடுப்புப் புகையில் கந்தகம் இருந்தால் கறுப்பு இன்னும் கூடும். கண்ணூறு என்று சொல்பவர்களுக்கு ஒரு யோசனை: பாதையில் பாதியை அழிறப்பரால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், மறு பாதிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுங்கள். எந்தப் பாதியில் ரயில் ஓடுகிறது என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்.

சரி, எவர்சில்வருக்கு வருவோம். துருப்பிடிக்காத உருக்கு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். பெயரைக் கேட்டால் ஒட்சிசன் இதைத் தொடுவதே இல்லை என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. குரோமியத்துக்கு ஒட்சிசன்மேல் இரும்பைவிட ஆசை அதிகம். புதிதாக ஒரு கீறல் விழுந்தால், கண் இமைப்பதற்குள் அங்கே குரோமியம் ஒட்சைட்டு படர்ந்துவிடும். இரும்பின் துரு நுண்துளைகள் நிறைந்தது. நீரும் ஒட்சிசனும் அதைக் கடந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குரோமியத்தின் படலமோ இடைவெளி இல்லாமல் மூடிக்கொள்வது. தடிப்பு ஒன்றிலிருந்து மூன்று நனோமீற்றர் வந்ததும் வளர்ச்சி அநேகமாக நின்றுபோகும். அணு அடுக்குகளாகப் பார்த்தால் அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு. அந்த மெல்லிய போர்வைதான் வட்டவளை மழையையும் தாங்குகிறது.

ஒட்சைட்டு மின்சாரத்தை எளிதில் கடத்தாதே, பிறகு ரயில் எப்படி ஓடும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சக்கரமும் தண்டவாளமும் பளபளப்பாகத் தெரிந்தாலும், நுணுகிப் பார்த்தால் இரண்டும் மேடும் பள்ளமும்தான். மேட்டின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. சில கிலோ எடையுள்ள எஞ்சினின் பாரம் முழுவதும் அந்த ஒரு சில நுனிகளில் இறங்குவதால், படலம் அங்கங்கே வெடித்து உலோகத்தோடு உலோகம் சேர்கிறது. வெடிக்காத இடத்திலும் இலத்திரன் கடந்துபோகும்! தடுப்பு ஒன்றிரண்டு நனோமீற்றர்தான் என்றால், அதை ஏறிக் கடக்கும் சக்தி இல்லாத இலத்திரனும் ஒரு சிறு நிகழ்தகவோடு மறுபக்கம் போய்ச் சேரும். பௌதிகவியலில் குவாண்டம் சுரங்க விளைவு என்பார்கள். தடிப்பு கொஞ்சம் கூடினாலும் இந்த நிகழ்தகவு படுவேகமாக விழுந்துவிடும். பித்தளையின் கறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே, படலம் பல பத்து நனோமீற்றரைத் தாண்டியிருக்கும். அதை ஊடுருவ வழியில்லை. எவர்சில்வரின் படலம் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

தேயிலைச் செடிக்குத் தலவாக்கலையில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்களின் லயத்துத் தகரம் மலை மழையில் எப்படி அரிக்கிறது, எதைப் பூசினால் தாங்கும் என்பதை ஆராயவும் அரசு காசு ஒதுக்க வேண்டும் என்பேன். இதே ஒட்சைட்டுச் சங்கதிதான் அங்கேயும்.

எவர்சில்வரிலும் குறை உண்டு. விலை அதிகம், மின்தடையோ பித்தளையைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் தூரத்து வளைவில் ரயில் தள்ளாடும், ஆகவே சில மீற்றருக்கு ஒரு முறை செப்புக் கம்பி இழுத்துக் கொடுக்க வேண்டும். அலுமினியம் மலிவு, ஆனால் மென்மையானது. அதன் ஒட்சைட்டு மின்சாரத்தைக் கடத்தாத நல்ல காவலி. பெட்டிக்குள் பற்றரி வைத்து ஓட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆசிரியைக்கு என் பதில்: இருக்கும் பித்தளையை வீசாதீர்கள். மூட்டுகளைத் திருகாணிக் கவ்விகளால் இறுக்கி, ஓட்டுவதற்கு முன் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டால் போதும். பாதையை நீட்டப்போகிறீர்கள் என்றால் அப்போது எவர்சில்வர் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் மூட்டுகளில் இடைவெளி விடுங்கள். அதிகாலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் தண்டவாளத்தின் சூடு 40 பாகை மாறினால், 10 மீற்றர் பித்தளை ஏழெட்டு மில்லிமீற்றர் நீளும். தண்டவாளத்துக்கு அடியில் வரும் சிலிப்பர் கட்டைகளின் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரைத் தாங்குவதா என்றும் கேட்டு வாங்குங்கள், உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடும். அடியில் கருங்கல் சல்லி, பக்கத்தில் ஒரு சிறு கான். கான் வெட்டுவதைப் பற்றி மலையகத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் உரம். தேயிலைக்கும் மரக்கறிக்கும் போடும் பொட்டாசு உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்டு. எவர்சில்வரின் படலத்துக்கு எமன் குளோரைட்டுதான்: ஒரு புள்ளியில் துளைத்துவிட்டால் அந்தக் குழிக்குள் அமிலம் சேரும், கரைந்த உலோக அயன்கள் இன்னும் குளோரைட்டை இழுக்கும், ஒட்சிசன் உள்ளே போக முடியாததால் படலம் திரும்ப மூடாது. பாதைக்கு மேற்பக்கத்தில் உரம் போடும் பாத்தி இருந்தால் அதை மாற்றுங்கள். முடியாவிட்டால் எவர்சில்வரில் வழக்கமான 304 ரகத்தை விட்டு, மொலிப்டினம் கலந்த 316 ரகத்தைக் கேளுங்கள்.