மின்பகு பலபடி அடுக்குப்படலம்

எதிரெதிர் மின்சுமை கொண்ட பலபடிகளை (பாலிமர்கள், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) மாறி மாறிப் படியவைத்து உருவாக்கும் மெல்லிய படலம். ஆங்கில வழக்கில் 'பாலிஎலக்ட்ரோலைட் மல்டிலேயர்'. எலக்ட்ரோலைட் (கரைசலில் அயனிகளாகப் பிரிந்து மின்சாரம் கடத்தும் பொருள்) என்ற சொல்லை 1834-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரான்' என்றால் அம்பர், தேய்த்தால் துரும்பை இழுக்கும் பிசின். 'லூட்டோஸ்' என்றால் அவிழக்கூடியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எலக்ட்ரோலைட் என்பது மின்பகுளி, இலங்கையில் மின்பகுபொருள்.

'பாலி'யைப் 'பல' என்று பெயர்த்துப் பன்மின்பகுளி என்றால் புணர்ச்சி சரி, பொருள் தடுமாறும். பல மின்பகுளிகள் என்றே படிக்கத் தோன்றும். இங்கே பேச்சு பலபடியைப் பற்றியது: நீரில் சிறு அயனிகள் பிரிந்துபோக, சங்கிலி நெடுக மின்சுமை தங்கிவிடும் பலபடி. அதனால் 'மின்பகு பலபடி' என்பதே தெளிவு.

அடுத்து, 'மல்டிலேயர்'. பல்லடுக்கு என்று எழுதுகிறார்கள்; எனக்கு அது நிறைவாக இல்லை. 1990களின் தொடக்கத்தில் கெரோ டெகர் ஜெர்மனியின் மைன்ஸில் உருவாக்கிய முறையைப் பாருங்கள். எதிர்மின்சுமை கொண்ட கண்ணாடித் தகட்டை நேர்மின்சுமையுள்ள பலபடிக் கரைசலில் சில நிமிடம் முக்கி, ஒட்டாததை நீரில் அலசிவிட்டு, அப்புறம் எதிர்மின்சுமையுள்ள பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் என்ற பலபடியின் கரைசலில் முக்குவார்கள். மறுபடி அலசல், மறுபடி முதல் கரைசல். படியும் சங்கிலிகள் பரப்பின் மின்சுமையைச் சமன்செய்வதோடு நிற்பதில்லை, அதை மிஞ்சிவிடுகின்றன. பரப்பின் குறி மாறுகிறது. ஒத்த குறிகள் விலக்குவதால் அந்தப் படிவு தானே நின்றுவிடும். எதிர்க்குறிச் சங்கிலிக்கோ இடம் தயார். ஒவ்வொரு முக்கலுக்கும் சில நானோமீட்டர்தான். கரைசலில் உப்பு சேர்த்தால் சங்கிலிகள் சுருண்டு படிய, தடிப்பு கூடும்.

ஆனால் உள்ளே தாள் தாளாக எதுவும் இருக்காது. அண்டை அடுக்குகளின் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அடுக்குவது செயல், கிடைப்பது ஒரே படலம். ஆகவே அடுக்குப்படலம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் மூட்டு நீரில் உள்ள ஹைலூரோனிக் அமிலம் என்ற எதிர்மின்சுமைப் பலபடியை, பாலிலைசின் என்ற நேர்மின்சுமைப் பலபடியோடு அடுக்கினால், பாலிலைசின் படலத்தின் ஆழம்வரை ஊடுருவி, அமிலம் வரும்போது வெளியே வந்து அதோடு சேரும். படலம் தடிக்கத் தடிக்க உள்ளே தங்கும் பாலிலைசினும் கூடுவதால், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடக் கூடுதலாக வளரும். இதை 'அடுக்குக்குறி வளர்ச்சி' (ஆங்கிலத்தில் 'எக்ஸ்பொனென்ஷியல்') என்பார்கள். அங்கே வரும் அடுக்கு கணக்கில் வரும் அடுக்கு, படலத்தின் அடுக்கு அல்ல.