மார்க்டவுன் அறிவிப்பும் வேற்றுமை உருபும்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம், ஒரு அறிவிப்பு என்றால் தமிழிலும் வேண்டும், மலையாளத்திலும் வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும், வாசகசாலைக் கூட்டம் எங்கே என்பதையெல்லாம் எழுதுகிறவர் இணையப் பக்கங்களின் குறிமொழியான ஹெச்டிஎம்எல் படித்திருக்க வேண்டியதில்லை. அதற்குத்தான் மார்க்டவுன்: சாதாரண எழுத்தில் சில எளிய குறிகளை இட்டால் ஹெச்டிஎம்எல் ஆக மாற்றிக்கொள்ளலாம். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக்குறி வைத்தால் தடித்த எழுத்து, வரியின் தொடக்கத்தில் # போட்டு இடம் விட்டால் தலைப்பு. ஒன்று மட்டும் பழக வேண்டும்: அடுத்த வரிக்குப் போனால் மட்டும் வரி உடையாது. நான்கு வரி முகவரி ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். வரி முடிவில் இரண்டு இடைவெளி விட்டால் பிரியும்.

இந்தக் கோப்பு இணையப் பக்கமாவது எப்படி? ரூபி நிரல்மொழியில் இணையதளம் கட்ட உதவும் சினாட்ராவை எடுத்துக்கொள்வோம். உலாவியிலிருந்து கோரிக்கை வந்ததும் அது மார்க்டவுன் கோப்பைப் படித்து, ஒரு மார்க்டவுன் நிரலகத்திடம் கொடுக்கும். அந்த நிரலகம் முதலில் பத்தி, பட்டியல், தலைப்பு என்று பெரிய துண்டுகளைப் பிரித்து, அப்புறம் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் நட்சத்திரக்குறி, இணைப்பு போன்றவற்றைத் தேடி ஹெச்டிஎம்எல் ஆக்கும். அதைச் சினாட்ரா தளத்தின் பொது வார்ப்புருவுக்குள், அதாவது எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான சட்டகத்துக்குள், பொருத்தி உலாவிக்கு அனுப்பும்.

சரி, ஊர்ப் பெயரும் தேதியும் தரவுத்தளத்திலிருந்து வர வேண்டுமே? மார்க்டவுனுக்குள் மாறிகள், அதாவது மதிப்பைப் பின்னர் நிரப்பும் இடங்கள், கிடையாது. அதனால் ரூபி நிரலை இடையில் கலந்து எழுதவிடும் இஆர்பி போன்ற இன்னொரு வார்ப்புருவைத் துணைக்கு அழைக்கிறோம். எது முதலில் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரவை முதலில் நுழைத்துவிட்டு மார்க்டவுனை ஓட்டினால், யாரோ தட்டச்சு செய்த பெயரில் உள்ள நட்சத்திரக்குறியும் வடிவமாகிவிடும். அதைவிட மோசம், மார்க்டவுன் தன்னுள் வரும் ஹெச்டிஎம்எல்லை அப்படியே கடத்திவிடும் இயல்புடையது. வெளியாள் எழுதிய ஸ்கிரிப்ட் நம் வாசகரின் உலாவியில் ஓடும். ஆகவே மார்க்டவுனை முதலில் ஹெச்டிஎம்எல் ஆக்கிவிட்டு, தரவை இஆர்பியில், ஆபத்தான குறிகளை முடக்கிய பின் சேர்ப்பதே நல்லது. இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் தனியே உண்டு. ஊர்ப் பெயரைத் தடித்த எழுத்தாக்கி, பின்னால் 'யில்' என்று வார்ப்புருவிலேயே எழுதிவைத்தால் கொழிஞ்சாம்பாறைக்குப் பொருந்தும். சித்தூர் வந்தால் 'சித்தூர்யில்' ஆகிவிடும். பாலக்காடோ 'பாலக்காட்டில்' என்று உருவே மாறும். உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதும் நமக்குக் குறிகளும் கைகொடுப்பதில்லை. மார்க்டவுனைத் துல்லியமாக வரையறுக்கும் காமன்மார்க் விதிப்படி, நட்சத்திரக்குறிக்குப் பதில் அடிக்கோட்டை (_) பயன்படுத்தினால் அடுத்து எழுத்து ஒட்டியிருக்கும்போது அது மூடும் குறியாகாது. நட்சத்திரக்குறிக்குள் மேற்கோள் குறியிட்ட சொல்லை வைத்து உருபை ஒட்டினாலும் அதே கதைதான், குறிகள் அப்படியே திரையில் நிற்கும். மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்து இடையில் குறி போட்டால் எழுத்தே சிதைந்து புள்ளி வட்டம் தெரியலாம்.

அறிவிப்பை "இடம்: சித்தூர்" என்று எழுவாய் வடிவில் அமைப்பது எளிய தீர்வு. வாக்கியமாகவே வேண்டும் என்றால், தரவுத்தளத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'சித்தூரில்', 'பாலக்காட்டில்' என்ற வடிவத்துக்கும் ஒரு புலம் வையுங்கள். மலையாளப் பக்கத்துக்கும் அதுபோலவே தனியாக ஒன்று.