இரண்டு பிளான்களுக்கு நடுவில் சைக்கிளை என்ன செய்வது?

பன்னிரண்டு வாரப் பயிற்சி முடிந்தது. 200 கிலோமீட்டர் ப்ரெவேயையும் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் ஓட்டி முடித்தாயிற்று. அடுத்த பயிற்சி பிளான் தொடங்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். சிலர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தப் பக்கமே போவதில்லை. சிலர் அடுத்த திங்கட்கிழமையே புது பிளானில் இறங்கி, மூன்றாவது வாரத்தில் துவண்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். ஓட்டும் நேரத்தைத் தாராளமாகக் குறைக்கலாம், ஆனால் தீவிரத்தைக் கைவிடக் கூடாது. காரணம் ரத்தத்திலேயே இருக்கிறது.

இரண்டு வாரம் ஓட்டாமல் இருந்துவிட்டு, பழகிய சாலையில் பழைய வேகத்திலேயே போய்ப் பாருங்கள். இதயத்துடிப்பு வழக்கத்தைவிடப் பத்துப் பதினைந்து கூடுதலாகக் காட்டலாம். கால் தசை அதற்குள் கரைந்துவிடவில்லை, குறைந்திருப்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. தொடர்ந்து பயிற்சி செய்யும்போது உடல் பிளாஸ்மாவைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. பயிற்சி நின்றால் சில நாட்களிலேயே அதைக் குறைக்கத் தொடங்குகிறது. பிளாஸ்மா குறைந்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தமும் குறையும், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறையும். உதாரணத்துக்கு, ஒரு துடிப்புக்கு 120 மில்லி வீதம் 150 முறை துடித்தால் நிமிடத்துக்கு 18 லிட்டர் கிடைக்கும். அந்த 120 என்பது 110 ஆனால், அதே 18 லிட்டருக்கு இதயம் 164 முறை துடிக்க வேண்டும். வெயிலில் உடம்பு சீக்கிரம் சூடேறுவதற்கும் இந்தக் குறைவு ஒரு காரணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை எட்டு மணிக்கு மேல் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

நல்ல செய்தி என்னவென்றால், பிளாஸ்மா போன வேகத்திலேயே திரும்பியும் வரும். தசைக்குள் நடப்பது வேறு கதை. 1984இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காய்லின் குழுவினர், பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்களை 84 நாட்கள் பயிற்சியே இல்லாமல் இருக்க வைத்து அளந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் குறைவு 16 சதவீதமாகி, அங்கேயே நின்றது. தசைச் செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் அதே எட்டு வாரத்தில் 40 சதவீதம் அளவுக்குச் சரிந்தன. தசைக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆண்டுக்கணக்கில் ஓட்டியவரின் உழைப்பு முழுசாக வீணாவதில்லை.

சரி, இருப்பதைக் காப்பாற்ற எவ்வளவு ஓட்ட வேண்டும்? உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்ஸன் 1980களில் செய்த மூன்று ஆய்வுகளைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை. வாரம் ஆறு நாள், தினம் 40 நிமிடம் என்று பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு, அடுத்த 15 வாரம் ஏதாவது ஒன்றை மட்டும் குறைத்துப் பார்த்தார். ஆறு நாளை இரண்டு நாளாக்கியபோது ஆக்சிஜன் உச்ச அளவு அப்படியே நின்றது. 40 நிமிடத்தை 13 நிமிடமாக்கியபோதும் நின்றது. நாளையும் நேரத்தையும் தொடாமல் தீவிரத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோது, அது சரிந்தது. ஆனால் ப்ரெவே ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 13 நிமிடக் குழுவுக்கு, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் 10 சதவீதம் குறைந்தது. அதனால் நீண்ட ஓட்டத்தை அடியோடு விட்டுவிட முடியாது.

நார்வேயில் பென்ட் ரோனஸ்டாட் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. சீசன் முடிந்த எட்டு வாரத்தில், ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு கடுமையான இன்டர்வல் (கடுமையாக மிதிப்பதும் இளைப்பாறுவதும் மாறி மாறி வரும் பயிற்சி) செய்த சைக்கிள் வீரர்கள் தங்கள் திறனைக் காத்துக்கொண்டார்கள். மெதுவாக மட்டும் ஓட்டியவர்களைவிட அடுத்த சீசனையும் நல்ல நிலையில் தொடங்கினார்கள். சின்னக் குழுதான், என்றாலும் ஹிக்ஸனின் முடிவோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஒன்றரை மாத இடைவெளியை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் வாரம் முழு ஓய்வு. நடக்கலாம், நீந்தலாம், கடைக்குச் சைக்கிளில் போகலாம், மிதிக்கும் சக்தியை வாட்ஸில் காட்டும் பவர் மீட்டரைப் பார்க்க வேண்டாம். தூக்கமும் பசியும் பழையபடி ஆகி, ஓட்டலாமே என்று தானாகத் தோன்றும் வரை இதை நீட்டலாம். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை, நான்கு நிமிடம் வீதம் நான்கு தடவை, பேசினால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராத அளவுக்கு மிதிக்க வேண்டும். நடுவில் மூன்று நிமிடம் இளைப்பாறல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு மணி நேர நிதான ஓட்டம். மற்ற நாட்களில் நண்பர்களோடு எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் தினமும் அரைகுறை வேகத்தில், களைப்பு வரும் அளவுக்கும் பலன் வராத அளவுக்கும் ஓட்டுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

மிச்சமாகும் நேரத்தை ஜிம்முக்குக் கொடுங்கள் என்று அழுத்தியே சொல்வேன். சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. சாலைப் பந்தய வீரர்களிடம் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிளானின் நடுவில் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தால் மறுநாள் இன்டர்வல் கெடும். இப்போது அந்தக் கவலை இல்லை.

புது பிளான் தொடங்கும் முன் எஃப்.டி.பி.யை, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்ஸை, மறுபடி அளந்துவிடுங்கள். 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, சராசரி வாட்ஸில் 95 சதவீதம் எடுத்தால் போதும். முன்பு 220 வந்தது இப்போது 208 வந்தால், 208ஐயே போடுங்கள். பழைய எண்ணை வைத்தால் ஒவ்வொரு இன்டர்வலும் குறித்த அளவைத் தாண்டிப் போகும். பிளாஸ்மா திரும்பியதும் எண் ஏறிவிடும், நான்காவது வாரத்தில் இன்னொரு தடவை அளந்து மாற்றிக்கொள்ளலாம்.