அடிமரம் வரை டைல்ஸ்

"சார், மரம் சாயுற மாதிரி இருக்கு. வெட்டலாம்னு ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க." சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைத்தார்கள். நகர மரங்களைப் பராமரிப்பது என் தொழில். மழைக்காலம் நெருங்கினால் இப்படி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும்.

போய்ப் பார்த்தேன். நல்ல வயதான புங்கமரம். தெருவில் அந்த ஒரு நிழலை நம்பித்தான் இஸ்திரி வண்டி நிற்கிறது, அப்புறம் இரண்டு ஆட்டோக்கள். மரம் சாயவில்லை. ஆனால் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கியிருந்தன. கீழே குனிந்தால் காரணம் தெரிந்தது. அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் பதித்திருந்தார்கள்.

மரத்தின் வேர் கிணற்று ஆழத்துக்கு இறங்கியிருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடிக்குள்தான் இருக்கிறது. கிளை விரிப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. அந்த வேர்களுக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மேலே சிமென்ட் போட்டு மூடினால் இரண்டுமே குறைந்துபோகும். மரம் உடனே சாகாது. சில வருடங்கள் இழுத்துக்கொண்டு கிடக்கும். அதனால்தான் சிமென்ட் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. வெளிநாட்டு மரங்கள்தான் விழுந்தன என்று அப்போது அதிகம் பேசினோம். அதில் உண்மை உண்டு. வேம்பும் புங்கனும் தாங்கிய காற்றை குல்மோகர் தாங்காது. ஆனால் சாலையோரம் விழுந்து கிடக்கும் மரங்களின் வேர்ப்பகுதியைப் பாருங்கள். பல மரங்களில் ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்ததுபோல் நேராக இருக்கும். வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டியபோது வெட்டிய இடம் அது. அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தால் மரத்தை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை.

விழுந்துவிடுமோ என்ற பயத்தில் மொட்டையடிப்பதும் தவறு. வெட்டிய இடத்தில் கொத்தாக முளைக்கும் கிளைகளுக்குப் பிடிமானம் கிடையாது, அடுத்த காற்றில் அவைதான் முதலில் முறியும். காய்ந்ததையும் நெருக்கமானதையும் மட்டும் மழைக்கு முன் கழித்தால் போதும்.

மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி, 2013-இல் டெல்லிக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரைத்தான் குடியிருப்பிலும் கேட்டேன். சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. சரி, ஒரு வருடம் பார்ப்போம் என்றார்கள். டைல்ஸைப் பெயர்த்து, வேரில் கடப்பாரை படாமல் கையால் மண்ணைக் கிளறி, மக்கிய இலையைப் பரப்பினோம். அடிமரத்தை மட்டும் மூடவில்லை, மூடினால் பட்டை அழுகும்.

உச்சியில் இரண்டு கிளைகள் பிழைக்கவில்லை, அவற்றைக் கழித்தோம். மற்றவை பங்குனியில் தளிர்த்தன. அந்த மண்ணில் யாரும் குப்பை போடாமல் இப்போது பார்த்துக்கொள்பவர் இஸ்திரிக்கார அண்ணன்தான்.