விரட்டும் கோழியைத்தான் பிரிக்க வேண்டும், ஏன்?

“ஏழு கோழிகளில் ஒன்று மட்டும் மற்றதையெல்லாம் தீவனத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை. அடி வாங்குகிற கோழியைத் தனியாக அடைத்துப் பார்த்தோம். திரும்ப விட்டதும் விரட்டுகிற கோழி அதை முன்பைவிட மோசமாகக் கொத்துகிறது. கோழிக்கு இவ்வளவு வன்மமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

முதலில் எங்கே கொத்துகிறது என்று பாருங்கள். தலையிலும் கொண்டையிலும் மேலிருந்து ‘டொக்’கென்று விழுந்தால் அது அதிகாரக் கொத்து. முதுகு, வால் பக்கத்து இறகைப் பிடித்து இழுப்பது வேறு. மண்ணைக் கிளறி இரை தேடும் பழக்கம் வழிமாறிப் போனது அது. கிளறுவதற்குச் சருகும் வைக்கோலும் போட்டால் குறையும். அடையில் உட்கார்ந்த கோழி சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தால், புரோலாக்டின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை. அடை தெளிந்ததும் அடங்கிவிடும்.

வாசகர் சொல்வது அதிகாரக் கொத்து. இதை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் நார்வேயின் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே. சிறுவனாக இருந்தபோதே எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். 1922இல் அதை ஜெர்மன் மொழியில் கட்டுரையாக வெளியிட்டார். எது எதைக் கொத்தலாம் என்கிற ‘கொத்து வரிசை’ என்ற கருத்து அப்படித்தான் பிறந்தது. எதற்குப் பயன்படும் என்று முதல் வரியிலேயே கேட்கும் ஆராய்ச்சி நிதிக் குழுக்களிடம் அந்த நோட்டு தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பயன் தெரியாத ஆர்வத்துக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

சரி, இந்த வரிசை எப்படி உருவாகிறது? பலமுள்ளது மேலே, பலமில்லாதது கீழே என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். ஆனால் கோழிகளின் எடையையும் கொண்டையின் அளவையும் வைத்து முழு வரிசையைச் சொல்லிவிட முடிவதில்லை. ஜோடி ஜோடியாகச் சண்டை போட்டு, யார் ஜெயிப்பது என்பதை நாணயம் சுண்டியதுபோல விட்டுவிட்டால், பத்துக் கோழிகளுக்குள் 45 ஜோடிகள். அதில் மேலிருந்து கீழாக ஒரே நேர்வரிசை அமைய வாய்ப்பு சுமார் 97 லட்சத்தில் ஒன்று! கோழிக்கூட்டங்களிலோ நேர்வரிசை, அல்லது அதற்கு மிக நெருங்கிய ஒன்று, சர்வசாதாரணமாக அமைந்துவிடுகிறது.

அமெரிக்க சமூகவியலாளர் இவான் சேஸ் 1982இல் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று கோழிகளை எடுத்துக்கொள்வோம்: கறுப்பி, வெள்ளைச்சி, செவலை. கறுப்பி வெள்ளைச்சியை விரட்டிவிட்டது. அடுத்த சண்டை யாருக்குள்? ஜெயித்த சூட்டோடு கறுப்பி செவலையையும் விரட்டலாம். அல்லது தோற்றுத் துவண்ட வெள்ளைச்சியைச் செவலையும் ஒரு கொத்து கொத்தலாம். இந்த இரண்டில் எது நடந்தாலும் போதும். மிச்சமிருக்கும் மூன்றாவது ஜோடியில் யார் ஜெயித்தாலும் வரிசை நேராகத்தான் வரும்; தாளில் போட்டுப் பாருங்கள். தோற்ற வெள்ளைச்சி செவலையை அடித்தாலோ, செவலை கறுப்பியை அடித்தாலோதான், அவளை இவள் அடிக்க இவளை இன்னொருத்தி அடிக்கும் வட்டம் உண்டாக வழி பிறக்கும். சேஸ் கவனித்த கோழிகள் பெரும்பாலும் முதல் இரண்டு வழிகளில்தான் போயின. வெற்றி அடுத்த வெற்றியையும், தோல்வி அடுத்த தோல்வியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. வரிசை எந்தக் கோழியின் மண்டைக்குள்ளும் எழுதி வைக்கப்படவில்லை. சண்டைகள் நடக்கிற ஒழுங்கிலேயே அது விளைகிறது.

பக்கத்தில் நிற்கும் கோழியும் சும்மா நிற்பதில்லை. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னை அடக்கி வைத்திருந்த கோழி ஒரு புதுக் கோழியிடம் தோற்பதைப் பார்த்த கோழிகள், அந்தப் புதுக் கோழியிடம் வம்புக்கே போகவில்லை. ‘என்னை அடித்தவளையே அடித்துவிட்டாள்’ என்ற கணக்கை அவை போட்டுவிட்டன! கோழி மூளை என்று யாரையாவது ஏளனம் செய்யும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாசகரின் கூண்டுக்கு வருவோம். அடி வாங்கிய கோழியைப் பிரித்தபோது அது ஏற்கெனவே தோற்ற பழக்கத்தோடு போனது. திரும்பி வந்தபோது பாதி அந்நியமாகவும் ஆகிவிட்டது. இரண்டு மூன்று வாரம் பிரிந்திருந்தால் கோழிகளுக்குப் பழைய உறவு மறந்துபோகும், சண்டை முதலிலிருந்து தொடங்கும். அதனால் பிரிக்க வேண்டியது விரட்டுகிறவளை. ஒரு வாரமாவது கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அதற்குள் மற்ற ஆறும் தங்களுக்குள் புது வரிசை போட்டுக்கொள்ளும். திரும்பி வருகிறவள்தான் இப்போது புதுசு. பழைய மிடுக்கு பெரும்பாலும் இருக்காது. இரத்தக் காயம் இருந்தால் மட்டும் காயம்பட்டதையும் தனியே எடுத்துவிட வேண்டும், சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும்.

அப்புறம், தீவனத் தொட்டியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். நடுவில் ஒரு பலகையோ புதரோ இருந்தால் போதும். ஒரே கோழியால் எல்லாத் தொட்டியையும் காவல் காக்க முடியாது.