டிரக் டிரைவரின் மணிக்கணக்கை எழுதும் பெட்டி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரிய டிரக்குகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஒன்பது பின் கொண்ட வட்டமான இணைப்பு ஒன்று இருக்கும். இன்ஜினில் கோளாறு என்றால் மெக்கானிக் தன் கருவியை அதில்தான் செருகிப் பார்ப்பார். இப்போது பெரும்பாலான டிரக்குகளில் அங்கே கையடக்கமான பெட்டி ஒன்று நிரந்தரமாகவே உட்கார்ந்திருக்கிறது. வண்டி எப்போது நகர்ந்தது, எப்போது நின்றது என்பதை டிரைவரைக் கேட்காமலே எழுதி வைக்கும் இ.எல்.டி. (மின்னணுப் பதிவுக் கருவி) பெட்டி அது.

இதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2012-இல் நிறைவேறியது. 2017 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள், வாஷிங்டனுக்கே டிரக்குகளை ஓட்டிச் சென்று போராடினார்கள். ‘தப்புக் கணக்கு எழுத முடியாதே என்ற கோபம்’ என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. அந்தப் பெட்டி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று பார்த்தால் அவர்கள் கோபம் புரியும்.

முதலில் விதி. சரக்கு டிரக் ஓட்டுபவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். அந்த 11 மணி நேரத்தையும், வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 8 மணி நேரம் ஓட்டியபின் அரை மணி இடைவேளை. எட்டு நாளில் 70 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டால் அதன்பின் ஓட்டக் கூடாது. பெட்டி வந்தபோது புது விதி எதுவும் வரவில்லை. காகிதத்தில் இருந்த அதே விதிதான்.

அந்தப் 14 மணி நேரத்துக்குப் பின்னால் உடலியல் காரணம் உண்டு. 2004-க்கு முன் 10 மணி நேரம் ஓட்டு, 8 மணி நேரம் ஓய்வெடு என்பதே விதி. இரண்டையும் கூட்டினால் 18. ஒருவர் 18 மணி நேரத்தை ஒரு ‘நாளாக’ வைத்து ஓட முடிந்தது. நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரமோ ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் ஓடுவது. இன்று காலை 6 மணிக்குக் கிளம்பினால் அடுத்த முறை நள்ளிரவு 12, அதற்கடுத்து மாலை 6. உடல் எந்த நேரத்தையும் தூக்க நேரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. 14-உடன் 10-ஐச் சேர்த்தால் 24. டிரைவரின் வேலை நாளைச் சூரியனின் நாளோடு மறுபடி பொருத்தும் முயற்சி அது. நல்ல முயற்சிதான்.

ஆனால் பழைய விதியில் வேலை நேரத்துக்கென்று இருந்த 15 மணி நேரக் கணக்கு, நடுவில் ஓய்வெடுத்தால் நின்றுவிடும். கண் சொருகினால் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து ஓட்டலாம், நேரம் குறையாது. புதிய 14 மணி நேரம் நிற்காது. படுத்தாலும் ஓடும், சாப்பிட்டாலும் ஓடும், கிடங்கு வாசலில் காத்திருந்தாலும் ஓடும்.

காகித லாக் புத்தகம் இருந்த காலத்தில் இந்த இறுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. 24 மணி நேரத்துக்குக் கட்டம் போட்ட தாள், நான்கு வரிசைகள்: ஓய்வு, கேபினுக்குப் பின்னால் இருக்கும் படுக்கை, ஓட்டம், ஓட்டாத வேலை. டிரைவர் பேனாவால் கோடு இழுப்பார். கால் மணிக் கணக்கில் முன்பின் சரிசெய்துகொள்வார். இரண்டு புத்தகம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். டிரைவர்களே அதைக் ‘காமிக் புத்தகம்’ என்றுதான் அழைத்தார்கள். அதை வைத்து நாள் முழுக்கத் தூங்காமல் ஓட்டியவர்களும் உண்டு, ஓட்ட வைத்த முதலாளிகளும் உண்டு. அதே சமயம், நிறுத்தும் இடத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவரைக் காப்பாற்றியதும் அந்தப் பேனாதான்.

இ.எல்.டி. இன்ஜினின் கணினியோடு நேரடியாகப் பேசுகிறது. இன்ஜின் ஓடுகிறதா, சக்கரம் சுழல்கிறதா, எத்தனை மைல், எத்தனை இன்ஜின் மணி என்ற நான்கையும் எடுத்துக்கொள்கிறது. வேகம் மணிக்கு 5 மைலை (8 கி.மீ.) தொட்டதும் ‘ஓட்டம்’ என்று தானே பதிந்துகொள்ளும். வேகம் பூஜ்யமாகி மூன்று விநாடி அப்படியே இருந்தால் வண்டி நின்றதாகக் கணக்கு. ஆனால் உடனே ஓட்டக் கணக்கை மூடாது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றபின் “இன்னும் ஓட்டத்தில்தான் இருக்கிறீர்களா?” என்று திரையில் கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் ‘ஓட்டாத வேலை’க்கு மாற்றிவிடும். ஓடும்போது மணிக்கொரு தடவை ஜி.பி.எஸ். இடத்தையும் குறித்துக்கொள்ளும். சாலையில் சோதனை அதிகாரி கேட்டால், இணையம் வழியாகவோ யு.எஸ்.பி., புளூடூத் வழியாகவோ எட்டு நாள் கணக்கையும் அனுப்பிவிடலாம்.

இந்த வடிவமைப்பில் டிரைவர்களின் கை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2010-இல் இதைவிடச் சிறிய அளவில் ஒரு விதி வந்தது. சொந்த டிரக் வைத்து ஓட்டுபவர்களின் சங்கமான ஓ.ஓ.ஐ.டி.ஏ. வழக்குத் தொடுத்தது. நிறுவனங்கள் இந்தக் கருவியை வைத்தே டிரைவரைத் தொல்லை செய்யாமல் தடுக்க வழி என்ன என்று அரசு யோசிக்கவில்லை என்று சொல்லி, 2011-இல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதன் பலன்தான் இப்போதைய கருவியில் தெரிகிறது. டிரைவர் படுக்கையில் இருக்கும்போது அதன் ஒலியை அடக்க முடிய வேண்டும். அலுவலகம் பதிவைத் திருத்தப் பார்த்தால் டிரைவர் ஒப்புக்கொள்ள வேண்டும், பழைய பதிவும் அழியாது. தானாகப் பதிந்த ஓட்ட நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. சொந்த வேலைக்காக வண்டியை எடுத்தால் இடத்தைப் பத்து மைல் சுற்றளவுக்கு மங்கலாக்கியே பதிய வேண்டும். அந்தரங்க உரிமை மீறல் என்று அதே சங்கம் மறுபடி போட்ட வழக்கு 2016-இல் தோற்றது. ஆனால் முதல் வழக்கில் கிடைத்தவை நிலைத்துவிட்டன.

டிரைவர்களுக்குள்ளும் கருத்து ஒன்றாக இல்லை. பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்த பலர் கட்டாயமாவதற்கு முன்பே மின்னணுக் கருவிகளுக்குப் பழகியிருந்தார்கள். “இன்னும் இருநூறு மைல் போய்விடு” என்று அலுவலகத்திலிருந்து வண்டிகளை ஏவும் டிஸ்பாட்சர் போனில் நெருக்கினால், நேரம் முடிந்துவிட்டது என்று திரையைக் காட்டலாம். அது அவர்களுக்குப் பாதுகாப்பு. எதிர்ப்பு அதிகம் வந்தது தனியாக ஓடுபவர்களிடமிருந்தும் சிறு நிறுவனங்களிடமிருந்தும்தான்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 5 மணிக்கு வேலை தொடக்கம், 7 மணிக்குக் கிடங்கு. சரக்கு தயாராக இல்லை. லோடு ஏறி முடிய மதியம் 12. 11 மணி நேர ஓட்டத்தில் இரண்டுதான் போயிருக்கிறது, இன்னும் ஒன்பது மிச்சம். ஆனால் 14 மணி நேரக் கணக்கு மாலை 7-க்கு முடிகிறது. ஆக ஓட்டக் கிடைப்பது ஏழு மணி நேரம். நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்குக் கூலி மைல் கணக்கில். கைவிட்டுப் போன இரண்டு மணி நேரம் நூறு மைலுக்கு மேல். காத்திருந்த ஐந்து மணி நேரத்துக்கோ பல சமயம் ஒன்றும் இல்லை, அல்லது கொஞ்சம்.

2020-இல் இதற்கு ஒரு தளர்வு தந்தார்கள். பத்து மணி நேர ஓய்வை ஏழும் மூன்றுமாகப் பிரித்தால், இரண்டு பகுதிகளும் 14 மணி நேரக் கணக்கில் சேராது. காகிதத்தில் பார்த்தால் அந்த ஐந்து மணி நேரக் காத்திருப்பை ஓய்வாகக் காட்டி மீட்டுவிடலாம். ஆனால் வேலையிலிருந்து முழுதாக விடுபட்டால்தான் அது ஓய்வு. “வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடு” என்று நடுவில் ஒருமுறை கூப்பிட்டால் போதும், ஓய்வு உடைந்துவிடும்.

இந்த நெருக்கடி சாலையில் எங்கே வெளிப்படும்? வேகத்தில். அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அரசின் சோதனைப் பதிவுகளையும் விபத்துப் பதிவுகளையும் அலசினார்கள். ஏற்கெனவே கருவி வைத்திருந்த பெரிய நிறுவனங்களோடு சிறியவற்றை ஒப்பிட்டபோது, வேலை நேர மீறல்கள் நன்றாகவே குறைந்திருந்தன. விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதிவேகம் போன்ற ஆபத்தான ஓட்டுதலுக்கான குற்றப்பதிவுகள் சிறு நிறுவனங்களில் கூடியிருந்தன. நேரத்தைப் பூட்டி, கூலியை மைலில் விட்டுவைத்தால், டிரைவர் கையில் மிஞ்சுவது ஆக்ஸிலரேட்டர் மட்டுமே.

காத்திருப்பே ஆபத்து என்பதற்கும் அரசின் சொந்தக் கணக்கு இருக்கிறது. கிடங்கில் நிற்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயர்கிறது என்று போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018-இல் மதிப்பிட்டது. காத்திருப்பால் டிரைவர்கள் ஆண்டுக்கு இழக்கும் வருமானம் 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை என்றும் அதே அறிக்கை சொன்னது.

அப்புறம், நேரம் முடிந்தால் நிறுத்த இடம் வேண்டும். இரவானால் ஓய்வு நிலையங்கள் நிரம்பிவிடும். 2009-இல் தெற்கு கரோலினாவில் சரக்கை இறக்கும் இடம் திறக்கும்வரை, கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தியிருந்த டிரைவர் ஒருவர் கொள்ளைக்காரனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் வந்த ‘ஜேசன் சட்டம்’ டிரக் நிறுத்துமிடங்களைப் பெருக்கச் சொல்கிறது. இ.எல்.டி.யைக் கட்டாயமாக்கிய அதே 2012 சட்டத்தின் ஒரு பகுதிதான் அது. பெட்டி ஐந்தரை ஆண்டில் வண்டிக்கு வந்து சேர்ந்தது. நிறுத்த இடம் இல்லை என்ற புலம்பல் இன்றும் அப்படியே இருக்கிறது.

களைப்பு சக்கரத்தில் மட்டும் உருவாவதில்லை. தூக்கம் எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில், எப்படிப்பட்ட இடத்தில் என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. அதை அந்தச் சிறு பெட்டியிடம் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் எந்தப் பகுதியில் எத்தனை நிமிடம் வண்டி அசையாமல் நின்றது என்பது அதில் துல்லியமாக இருக்கிறது. டிரைவர் ஒரு நிமிடம் கூடுதலாக ஓட்டியதைப் பிடிக்க அந்தப் பதிவு பயன்படுகிறது. ஐந்து மணி நேரம் காக்க வைத்த கிடங்கைக் கேள்வி கேட்கவும் அதே பதிவு பயன்பட வேண்டும் என்பது டிரைவர்கள் பலரின் கோரிக்கை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமோ, இவர்களுக்கு ஓவர்டைம் சம்பளம் தர வேண்டியதில்லை என்று முதலாளிகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அந்த விலக்கை நீக்கும் மசோதா 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. நிறைவேறவில்லை.